மெஷினு நல்ல மெஷினுதாங்க

முதல் நாளே நான் அவர் காலை மிதித்தேன். மன்னிப்புக் கேட்டது அவர்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு கொட்டகை. வெளியே கண்ணைக் கூச வைக்கிற வெயில். உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து பொம்மை துடைத்துக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் நீட்டிய காலை, செருப்போடு ஏறி மிதித்துவிட்டேன். "ஐயோ" என்று கத்தியதும் நான்தான். அவர் சட்டென்று காலை மடக்கிக்கொண்டு, "மன்னிச்சுக்கம்மா, நடுவுல நீட்டிட்டேன். தடுக்கிடுச்சா?" என்றார். என் செருப்பில் ஈரமண் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் அதற்குத் தனியாக ஒரு மன்னிப்பு.

எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது. இப்படிப்பட்டவர்களை யாருக்குத்தான் பிடிக்காது? அவர்கள் பக்கத்தில் இருக்கும்வரை நம் மேல் எந்தத் தப்பும் இல்லை. அந்தச் சுகம் எனக்கு அன்றைக்கே பழகிவிட்டது.

அப்போது நான் சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அரசாங்க வேலைகள் ஒவ்வொன்றாகக் காகிதத்தை விட்டுக் கம்ப்யூட்டருக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரே மாற்றம் ஓர் ஊரில் வழுக்கிக்கொண்டு போகும், இன்னோர் ஊரில் முட்டிக்கொண்டு நிற்கும். ஏன் என்று இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதித் தருவது எங்கள் வேலை. அடுத்து என்ன செய்வது என்று மேலே இருப்பவர்கள் அதை வைத்து முடிவெடுப்பார்கள்.

எங்களுக்கு வந்தது ரேஷன் கடை. கார்டைக் காட்டினால் அரிசி என்பது போய், விரலை வைத்தால் அரிசி என்று ஆகியிருந்தது. ரேகை பதியாமல் திரும்பிப் போகிறவர்களுக்கு என்ன வழி செய்யலாம் என்பது கேள்வி. கையை வைத்துப் பிழைக்கிற இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டோம். ஒன்று கடலோரத்தில் ஒரு மீன்பிடி ஊர், இன்னொன்று விருத்தாசலம். நான் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கருவேப்பிலங்குறிச்சிக்காரி. "உங்க ஊர்ப் பேச்சு உங்களுக்குத்தானே புரியும்" என்று சொல்லி எங்கள் தலைவர் என்னை அனுப்பி வைத்தார். சில மாதங்கள் அங்கே போய் வந்துகொண்டிருந்தேன்.

நான் காலை மிதித்த அந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கணவர் இல்லை. ஒரே மகளை மங்களூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார். பேட்டையில் அவருடைய வேலை பொம்மையின் கோட்டை அழிப்பது. கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்தால், இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, கடைசியில் விரலால் தேய்த்துத் தேய்த்து இல்லாமல் செய்ய வேண்டும். வாத்து, யானை, பிள்ளையார் எல்லாம் அவர் மடிக்கு வந்துதான் வழவழப்பாகும். பொம்மையின் கோடு போகும்போது விரலின் கோடும் கொஞ்சம் கூடவே போகும். அவர் விரல் நுனிகளை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். நன்றாகத் தேய்ந்த சோப்பு மாதிரி இருக்கும்.

உலகத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் தான்தான் காரணம் என்று அவர் நம்பினார். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பேட்டை வாசலில் பஸ் நிற்காமல் போனால், "நான் கைய சரியா காட்டல" என்பார். காயவைத்த பொம்மைகள் மேல் திடீரென்று தூறல் விழுந்தால், "காலையிலதான் பொடவைய தொவச்சிப் போட்டேன், அதான் வந்துடுச்சு" என்பார். பொங்கலுக்கு மருமகன் மகளை அனுப்பாமல் விட்டதற்கு அவர் கண்டுபிடித்த காரணம், போன தடவை வந்தபோது குழம்பில் உப்பு குறைந்துபோனது. "அந்த மனுசன் வாய் தொறந்து ஒண்ணும் சொல்லல. ஆனா மனசுல வச்சிருப்பாருல்ல?" என்று என்னிடமே கேட்டார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் கேள்வி தீரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கொட்டகை மேஸ்திரிக்கு இது நல்ல வசதியாக இருந்தது. சூளையிலிருந்து விரிசலோடு ஒரு பொம்மை வெளியே வந்தால், யாரையும் விசாரிக்க மாட்டார். அதைக் கொண்டுவந்து இவர் எதிரில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். அவ்வளவுதான். "நான்தான் அழுத்திட்டேன் போலருக்குதுங்க" என்று இவர் சொல்லிவிடுவார். மேஸ்திரி முதலாளியிடம் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிடும்.

அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் அமுதாவுக்கு வாய் நீளம். "அந்த வாத்த யக்கா தொடவே இல்லீங்க. நான் தொடச்சது. நானே சொல்றேன், என் வாத்துதான்னு. கேக்க மாட்டேங்குது" என்று ஒருநாள் என்னிடம் பொரிந்தாள்.

"ஒன் கையில குடுக்கும்போது நான் கொஞ்சம் அமுக்கிக் குடுத்துட்டேன்டி" என்றார் இவர், தலை நிமிராமல்.

மேஸ்திரியை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒரு மனுஷியின் நல்ல குணத்தை இப்படிக் கருவியாக்கிக்கொள்கிறானே என்று எரிச்சலாக வரும். இந்த எரிச்சலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கே தேவைப்படும்.

பேட்டைப் பெண்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ரேஷன் போடும் நாள் நெருங்கினால், துடைக்கிற வேலையை விட்டுவிட்டுப் பொம்மைகளைக் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலைக்கு மாறிக்கொள்வார்கள். அங்கே ஈரம் இல்லை, தேய்ப்பு இல்லை. சில நாளில் தோல் லேசாக ஏறும், ரேகை கொஞ்சம் தலைகாட்டும், மெஷினும் ஏற்றுக்கொள்ளும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் விரலுக்கு லீவு. "அடுத்த வாரம் எனக்கு வெரலு லீவுடி" என்று இடம் பிடித்து வைப்பார்கள். பெட்டி அடுக்கும் இடத்தில் ஆள் கொஞ்சம்தான் உட்கார முடியும் என்பதால் முறை வைத்து மாறிக்கொள்வார்கள்.

தன் முறையை அவர் ஒரு தடவைகூட வைத்துக்கொள்ளவில்லை. யாராவது ஒருத்திக்கு விட்டுக் கொடுத்துவிடுவார். "அவ வூட்டுல சின்னப் பசங்க இருக்குது. நான் ஒண்டி ஆளு" என்பார். ஒண்டி ஆள் என்பதுதான் சிக்கலே. குடும்பம் என்றால் வேறொருவர் விரல் வைக்கலாம். அவர் கார்டில் அவர் பெயர் மட்டும். கார்டோடு சேர்த்த போன் நம்பர் அண்ணன் மகனுடையது. அவன் திருப்பூருக்குப் போய் நம்பரை மாற்றிவிட்டான். விரலுக்குப் பதிலாகப் போனுக்கு ரகசிய எண் வந்தாலும் அது எங்கேயோ காற்றில்தான் போய்ச் சேரும்.

ஒருநாள் அவரோடு ரேஷன் கடைக்குப் போனேன். விரலை முந்தானையில் துடைத்தார். ஊதினார். தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு ஏற்றிக்கொண்டு வைத்தார். மெஷின் கீச்சென்று கத்தி வேண்டாம் என்றது. அடுத்த விரல். அதற்கும் கீச். ஒவ்வொரு கீச்சுக்கும் அவர் மெஷினைப் பார்த்து, "மன்னிச்சுக்கப்பா" என்றார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே.

கடைக்காரர் நல்ல மனிதர். "யக்கா, நான் தர மாட்டேன்னு சொல்லல. இது வுட மாட்டேங்குது. ரெண்டு நாளு கழிச்சி வந்து பாருங்க" என்றார்.

"நீங்க என்னா பண்ணுவீங்க? மெஷினு நல்ல மெஷினுதாங்க. என் கைதான்." பின்னால் திரும்பி வரிசையில் நின்றவர்களிடம், "என்னால ஒங்களுக்கெல்லாம் லேட்டு" என்று சொல்லிவிட்டுக் காலிப் பையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அரிசி கிடைக்காத மாதம் எது என்பது மதியச் சாப்பாட்டு வேளையில் தெரிந்துவிடும். அந்த மாதத்தில் அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் தண்ணீர்தான் நிறைய இருக்கும். மற்றவர்களைவிட்டுக் கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். அமுதா தன் சோற்றில் பாதியை அள்ளி வைத்தால், "காலையில நெறைய துன்னுட்டேன், அதான் எறங்கல. என் மேலதான் தப்பு" என்பார்.

இனி பேட்டி. சாப்பாட்டு வேளையில் எல்லாரும் ஒன்றாக இருப்பார்கள் என்று அப்போது போனேன். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும் என்பது முறை. ஆனால் அன்று சாயங்காலம் எனக்குப் பஸ் இருந்தது. வட்டமாக உட்கார வைத்து, வயதில் மூத்தவர், என்னிடம் பிரியமானவர் என்று முதலில் அவரிடமே கேட்டேன். விரல் பதியாததற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்? மெஷினா, சிக்னலா, கடைக்காரரா, நீங்களா?

"மெஷினு நல்ல மெஷினுதாங்க. என் கைதான். எனக்கு சரியா வைக்கத் தெரியல."

"யக்கா, மெஷினுன்னு சொல்லு!" என்றாள் அமுதா.

நான் அமுதாவை அடக்கினேன். பேட்டி கொடுப்பவர் வாயில் வார்த்தையைத் திணிக்கக் கூடாது, குறுக்கே யாரும் பேசவும் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறவள் என்று எனக்குப் பெயரும் இருந்தது. அவர் சொன்னது எதுவோ அதையே டேப்லெட்டில் தொட்டுப் பதிந்தேன். அடுத்தவள் வாயைத் திறந்தாள், "அக்கா சொன்னதுதான்" என்றாள். அதற்கு அடுத்தவளும் அதேதான். மூத்தவர் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்ட பிறகு சின்னவள் எப்படி மெஷினைக் குறை சொல்லுவாள்? திமிர் என்று ஆகிவிடாதா? அமுதாகூடக் கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்ப என் கையும்தான்னு போட்டுக்குங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு மரியாதை. வீட்டுக்கு வந்தவர் காப்பியைக் கொட்டினால், "டம்ளர் சரியில்லங்க" என்று சொல்கிற ஊர். அந்தப் பேச்சிலேயே வளர்ந்தவள் நான். அது தகவல் இல்லை, பழக்கம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தொட்டேன்.

அடுத்த வாரம் கடலோர ஊர். அங்கே பெண்களின் விரலை ஐஸும் உப்பும் செதிலும் தின்றிருந்தன. அதே தேய்மானம், அதே மெஷின், அதே கீச். அதே கேள்வியை ஒரு பெண்ணிடம் கேட்டேன். கையில் பிடித்திருந்த மீனைக் கூடையில் போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் வெரலு நான் பொறந்ததுல இருந்து என் கையிலதான் இருக்குது. அந்த மெஷினு நேத்து வந்தது. எது சரியில்லன்னு நீயே சொல்லு" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஆமாம் போட்டார்கள். அதையும் அப்படியே தொட்டேன்.

இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது படம் பளிச்சென்று வந்தது. கடலோரத்தில் கருவிக் கோளாறு. விருத்தாசலத்தில் மக்களுக்குக் கருவியைப் பயன்படுத்தத் தெரியவில்லை. "எவ்வளவு தெளிவான ஒப்பீடு!" என்றார் எங்கள் தலைவர். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். உள்ளே ஏதோ உறுத்தியது உண்மை. ஆனால் பாராட்டு கிடைக்கிற நேரத்தில் உறுத்தலை யார் வெளியே எடுப்பார்கள்? கடலோர ஊர்க் கடைகளுக்குக் கண்ணைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் மெஷின் போனது. விருத்தாசலத்துக்குப் போனது விழிப்புணர்வு முகாம்.

அந்த முகாமைப் பார்வையிட்டுக் குறிப்பு எழுத என்னையே அனுப்பினார்கள். ஒரு கல்யாண மண்டபம். திரையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே விரலைக் கழுவித் துடைத்து, அழுத்தாமல், சாய்க்காமல் மெஷினில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அவர் முதல் வரிசையில், நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "பாப்பா, எனக்காவ இவ்ளோ பேரு வந்திருக்காங்க பாரு" என்றார்.

யாராவது வந்து வைத்துக் காட்டுகிறீர்களா என்று பயிற்சியாளர் கேட்டதும் எழுந்து போனவர் அவர்தான். திரையில் பார்த்தபடியே கழுவினார், துடைத்தார், அழுத்தாமல் வைத்தார். அவ்வளவு ஒழுங்காக யாரும் வைத்திருக்க மாட்டார்கள். கீச். மறுபடியும் கீச். மண்டபம் முழுக்கக் கேட்டது. பயிற்சியாளர் அவர் மணிக்கட்டைப் பிடித்து வைத்துப் பார்த்தார். அதற்கும் கீச்.

அவர் சபையைப் பார்த்துத் திரும்பிக் கைகூப்பினார். "இவ்ளோ தூரம் வந்து சொல்லிக் குடுக்குறீங்க. எனக்கு வர மாட்டேங்குது. மன்னிச்சுக்குங்க" என்றார்.

நான் நாற்காலியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து, "அம்மா, உங்கள் விரலில் ஒரு கோளாறும் இல்லை, உங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது நான்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் இறங்கி வரும்போது என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

திரும்பிப் போய்த் தலைவரிடம் சொன்னேன். "அவங்க சொன்னதைத்தானே எழுதினீங்க? அப்புறம் என்ன?" என்றார். வாஸ்தவம். அதுதான் வயிற்றெரிச்சல். பொய் எழுதியிருந்தால் திருத்தியிருக்கலாம். நான் எழுதியது அவர் வாயிலிருந்து வந்த சொல். மறுசுற்றுக் கணக்கெடுப்பு வரும்வரை பொறுங்கள், அதில் வேறு மாதிரி வந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

மறுசுற்று வந்தது. இந்த முறை பேட்டிக்கு முன்பே அவர் வீட்டுக்குப் போனேன். விதியெல்லாம் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிவிட்டது.

"அம்மா, உங்க விரல் நல்ல விரல். மெஷின்தான் சரியில்ல. கேக்கும்போது அப்படிச் சொல்லுங்க."

"அது எப்புடிம்மா? எல்லாருக்கும் எடுக்குது. எனக்கு மட்டும் எடுக்கலன்னா மெஷினு மேல சொல்லலாமா?"

"எல்லாருக்கும் எங்க எடுக்குது? விரலுக்கு லீவு விட்டுட்டுத்தானே போறாங்க?"

"அதுவும் நான் சொன்னாத்தான் மாறுமா? கடக்கார தம்பி நல்ல பையன்மா. அவன் மெஷினப் போயி நொள்ளன்னு சொன்னா அவன் மனசு என்னா பாடுபடும்?"

எவ்வளவு பேசியும் நகரவில்லை. கடைசியில் எனக்குச் சாவி கிடைத்தது. "அமுதா பிள்ளைங்களுக்காகச் சொல்லுங்கம்மா. நீங்க சொன்னாத்தான் அவங்களும் சொல்லுவாங்க. உங்களாலதான் அவங்களுக்குக் கண்ணு மெஷின் வராம நிக்குது" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "என்னாலயா?" என்றார். மெல்லக் கேட்டார். அடுத்த நாள் பேட்டியில், தரையைப் பார்த்துக்கொண்டு, "மெஷினுதாங்க" என்றார். மற்றவர்கள் எல்லாரும் அவர் பின்னால் வந்தார்கள். அமுதா கை தட்டினாள். அவர் மட்டும் யாரையோ அடித்துவிட்டு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கண் மெஷின் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கணக்கு நேராகிவிட்டது, என் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சில மாதம் கழித்து அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனவள், ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு பேட்டைக்குப் போனேன். சாப்பாட்டு வேளை. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தூக்கில் தண்ணீர்.

அமுதா என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். "கண்ணு மெஷினு வந்ததுல இருந்து நாங்க எல்லாம் வாங்குறோம். யக்கா கடப்பக்கமே போறதில்ல. போக சொன்னா, எந்த மூஞ்ச வச்சிக்கினு போவேன்னு கேக்குது" என்றாள்.

நேராக ரேஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவங்க என்ன சொன்னாங்கன்னே எனக்குத் தெரியாதும்மா. அவங்களா வந்து, தம்பி, ஒன் மெஷின நான் நொள்ளன்னு சொல்லிட்டேன், மன்னிச்சுக்கன்னு அழுதாங்க. அதுல ஒண்ணும் இல்லக்கான்னு சொன்னேன். அதோட போனவங்கதான். அரிசிய வூட்டுக்குக் குடுத்தனுப்பலாம்னா, அவங்க கண்ணு வேணும்ல?"

விரல் பதியாத காலத்தில்கூட ஏதோ சில மாதங்கள் அவருக்கு அரிசி கிடைத்தது. நான் உதவி செய்த பிறகு ஒரு மாதமும் இல்லை.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸுக்கு அவசரப்பட்டது, வட்டமாக உட்கார வைத்தது, தெரிந்தே தொட்டது, முகாமில் வாயை மூடிக்கொண்டிருந்தது. "தப்பு என்னுதும்மா. முழுக்க முழுக்க என்னுது" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய் என் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தார்.

"நீ என்னா பண்ணுவ? நீ கேட்ட, நான்தான சொன்னேன்? அவசரத்துல இருந்த புள்ளைய நான்தான் கொழப்பிட்டேன்" என்றார். நான் கொண்டுபோன பழியை வாசலிலேயே வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். என் கையில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை இல்லாததற்கு மன்னிப்புக் கேட்டார்.

எவ்வளவு சொல்லியும் கடைக்குப் போக ஒப்புக்கொள்ளவில்லை. நியாயம் பேசினேன், கோபப்பட்டேன், கெஞ்சினேன். அப்புறம் எனக்கு மேஸ்திரி ஞாபகம் வந்தார். விரிசல் விட்ட வாத்தை இவர் எதிரில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கிற மேஸ்திரி.

"அம்மா, நீங்க கடைக்குப் போகலன்னா என் வேலை போயிடும்" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மெஷின் வந்தும் நீங்க வாங்கலன்னு ஆபீஸ் லிஸ்ட்ல உங்க பேர் வந்திருக்கு. மாசாமாசம் பாப்பாங்க. நீங்க வாங்கலன்னா என்னைத்தான் தூக்குவாங்க."

எல்லாம் பொய். அவர் உடனே எழுந்து ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்தார். "மொதல்லயே சொல்ல வேணாமா? அய்யோ, என்னால ஒன் பொழப்புக்கு வெனையா? கட சாத்திருப்பானா இந்நேரம்?" என்று படபடத்தார். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றார். கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல், மெஷினை மட்டும் பார்த்தார். அது ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அரிசி வாங்கிய அன்று, அமுதாவின் போனிலிருந்து எனக்குப் பேசுவார். பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

"வாங்கிட்டேம்மா. ஒன் வேல இருக்குதில்ல?"

"இருக்குதும்மா."

அந்த வேலையை விட்டு ரொம்ப நாளாகிறது. மனசாட்சி உறுத்தி விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். திட்டம் முடிந்தது, அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். இப்போது ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பேன். சொன்னால், அந்த வேலை போனதற்கு எந்த மாதம் தான் லேட்டாக வாங்கியது காரணம் என்று தேட ஆரம்பித்துவிடுவார். கடைக்கும் போவாரோ மாட்டாரோ. அதனால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பொய்க்கு மாதாமாதம் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மேஸ்திரியைத் திட்டும் யோக்கியதை எனக்குப் போய்விட்டது.

போன மாதம் வழக்கமான நாளில் அழைப்பு வரவில்லை. வேலையில் கவனம் ஓடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் தாண்டித்தான் வந்தது. குரல் கம்மியிருந்தது.

"காய்ச்சல்ல படுத்துட்டேம்மா. இன்னிக்கிதான் அமுதா ஆட்டோ வச்சி இட்டுக்கினு போச்சு. வாங்கிட்டேன். ரொம்ப லேட்டாயிடுச்சு. ஒன்ன ஆபீசுல எதுனா சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலம்மா. நீங்க உடம்பைப் பாருங்க."

"மறைக்காத பாப்பா. எதுனா கேட்டாங்கன்னா நீ என் பேர சொல்லிடு. அந்தம்மா மேலதான் தப்புன்னு போட்டுக் குடுத்துடு. அன்னிக்கிப் போட்டியே, அதே மாதிரி."

"சரிம்மா" என்றேன்.